பயன் கருதா ஆராய்ச்சியும் பொதுப்பணமும்

விதைக்கும் உழவன் தான் அறுக்கப்போவது இன்னதென்று அறிவான். இயற்கையின் உண்மையை நாடும் விஞ்ஞானியோ தன் ஆராய்ச்சி எதில் முடியும் என்பதை முன்னரே அறியான். அங்ஙனமாயின், குடிகள் வரியாக இறுத்த பொருளை அவனுக்கு வழங்குதல் தகுமோ? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட விடையை ஈண்டு ஆராய்வோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ராடார், பெனிசிலின் முதலியன ஆற்றிய பேருதவியைக் கண்ட ஜனாதிபதி ரூஸ்வெல்ட், சமாதான காலத்திலும் விஞ்ஞானத்தை வளர்க்கும் வழி யாதென்று 1944 நவம்பரில் வானவர் புஷ் என்னும் அறிஞரை வினவினார். 1945 ஜூலையில் வெளிவந்த அவருடைய அறிக்கை, அடிப்படை ஆராய்ச்சியை வாணிகத்தின் முதற்பொருளுக்கு ஒப்பிட்டது. முதல் பெருகாவிடில் ஊதியமும் அற்றுப்போம் அன்றோ? வறுமை காரணமாக மதிநுட்பமுடைய இளைஞர் உயர்கல்வியை இழத்தலாகாது என்றும் அது வற்புறுத்தியது.

இனி, அப்பணத்தைப் பங்கிடும் அதிகாரம் யாருக்கு உரியது? 1947-இல் நிறைவேறிய மசோதா, தலைமை அதிகாரியை நியமிக்கும் உரிமையை அறிஞர் சபையொன்றிடம் விட்டது. மக்களுக்குப் பொறுப்பில்லாதார் கையில் மக்கள் பணத்தை ஒப்புவித்தல் முறையன்று என்று ஜனாதிபதி ட்ரூமன் அதனை மறுத்தார். மூன்றாண்டு கழித்து உடன்பாடு பிறந்தது. சபையின் 24 அங்கத்தினரையும் தலைமை அதிகாரியையும் ஜனாதிபதியே செனட் சபையின் சம்மதத்துடன் நியமிப்பார் என்று புதிய சட்டம் விதித்தது. 1950 மே 10-ஆம் நாள், ரயில் பிரயாணத்தின் நடுவே ஐடஹோ மாகாணத்துப் பொக்கட்டெல்லோ நகரில் ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். இவ்வாறு தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் தோன்றிற்று.

இந்த ஸ்தாபனம் தனக்கென ஆராய்ச்சிச் சாலைகளை நடத்துவதன்று. சர்வகலாசாலை ஆசிரியர்கள் தம் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி விண்ணப்பிப்பர். அத்துறையில் வல்லுநர் அதனைச் சீர்தூக்குவர். அறிவு இதனால் வளருமா, சமுதாயம் நன்மை பெறுமா என்பன அவர்கள் நோக்கும் அளவைகள். அவர்கள் கருத்தறிந்து அதிகாரிகள் முடிவு செய்வர். 1952 முதல் பட்டதாரி மாணாக்கருக்கு உதவிச் சம்பளமும் அளிக்கப்பெற்றது. 1957-இல் ரஷியர் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபின், ஸ்தாபனத்தின் நிதி ஓரிரண்டு ஆண்டுகளில் மும்மடங்கிற்கு மேல் பெருகியது. உயர்தரப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சியும் விரிவடைந்தது.

பயன் எவ்வாறு விளைந்தது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். தாமஸ் பிராக் என்னும் பேராசிரியர் இந்த ஸ்தாபனத்தின் பொருளுதவியுடன் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்து வந்தார். கொதிநிலையை அணுகும் நீரில் உயிர் வாழுமோ என்பதே அவர் வினா. ஹட்ஸன் ஃப்ரீஸ் என்னும் மாணவருடன் கூடி, 70 பாகை வெப்பத்திலும் வளரும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1969-இல் வெளியிட்டார். அந்நுண்ணுயிரின் என்ஸைம் வெப்பத்தில் அழியாதது. 1983-இல் காரி மல்லிஸ் கண்ட, மரபணுவைப் பன்மடங்காக்கும் முறைக்கு அதுவே பிற்காலத்தில் உறுதுணையாயிற்று. 2020-இல் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது நோயைக் கண்டறிய உதவியதும் அம்முறையே. வெந்நீர் ஊற்றருகே நின்றவர் இதனைக் கனவிலும் கருதியிரார்.

ஆயினும், எல்லா ஆராய்ச்சியும் இங்ஙனம் பலிக்கும் என்று சொல்லோம். பயனின்றி ஒழிந்தனவும் பல. எது பலிக்கும் என்பதை முன்னரே தெரிந்தெடுக்க இயலாமையினாலேயே பலவற்றையும் பேணல் வேண்டியதாகிறது. ஆதலின் ஆராய்ச்சியாளரிடம், “உடனடிப் பயன் யாது?” என்று கேட்பதினும், “வினா தக்கதா? முறை செவ்விதா? கண்டதை ஒளிக்காது உரைத்தீரா?” என்று கேட்பதே நேரிய கணக்காகும். பொதுப்பணத்தால் கற்கும் மாணாக்கராகிய நாமும் இக்கணக்குக்குக் கடமைப்பட்டவரே.