பட்டர் ஃப்ரூட் வைக்கப் போகும் பிள்ளைகளுக்கு

காப்பியும் மிளகும் பலாவும் விளையும் நம் குண்டூர் நாட்டு மலை மண்ணில் பட்டர் ஃப்ரூட்டும் நன்றாக வரும். ஆயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ச்சி, மழை, சரிவான நிலம் மூன்றும் அதற்கு ஏற்றவை. ஆனால் பலாக்கன்றை ஊன்றிவிட்டு மறந்துவிடுவதுபோல இதை விட முடியாது. நான் பார்த்தவரை பட்டுப்போன கன்றுகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாகவில்லை; தண்ணீர் தேங்கித்தான் செத்தன. முதன்முதலாக வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் பிள்ளைகள் இவற்றை மனதில் வையுங்கள்.

1. இடம் பாருங்கள். பலத்த மழை விட்டதும் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளமும், பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடமும் வேண்டாம். வெயில் விழும் சரிவே நல்லது. இதன் கிளை எளிதில் முறியும்; அதனால் காற்று மோதும் பக்கம் சில்வர் ஓக் இருந்தால் காப்பாக இருக்கும்.

2. மேடு கட்டி நடுங்கள். மூன்றடிக் குழி எடுத்து மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, தரைக்கு மேல் ஓரடி மேடாக்கிக் கன்றை வையுங்கள். சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலே ஓரடி மண்ணுக்குள்தான் பரவும். அங்கே நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. ஃபைட்டோப்தோரா என்னும் கிருமி புகுந்து அழுகிவிடும்.

3. ஒட்டுக்கன்று வாங்குங்கள். கொட்டையில் வந்த மரம் தாயைப்போலக் காய்க்கும் என்று நம்ப முடியாது. காய்ப்புக்கு ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். ஒட்டு மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் வளர்த்து 1935இல் காப்புரிமை பெற்ற ஒரே மரத்திலிருந்து ஒட்டு வழியாக வந்தவைதான் உலகத்து ஹாஸ் ரக மரங்கள் எல்லாம். அந்தத் தாய் மரமும் 2002இல் வேரழுகலுக்குத்தான் பலியானது. நம் மாநிலத்திலேயே, கீழ்ப்பழனி மலையின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.டி. 1 ரகம் இருக்கிறது.

4. கொட்டைதான் கிடைத்ததா? பழம் தின்ற கையோடு போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும். பழுப்புத் தோலை உரித்து, தட்டையான அடிப்பக்கம் கீழே இருக்க, கூர்முனை மண்ணுக்கு மேல் தெரிய வையுங்கள். வளர்ந்த கன்றில் நல்ல மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டலாம்.

5. மரத்தடியைக் கொத்தாதீர்கள். மண்வெட்டி பட்டால் அறுபடுவது மரத்துக்கு உணவூட்டும் வேர். களையைக் கையால் பிடுங்குங்கள். அரையடி உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கோடையில் மண் காய்ந்தபின் நீர் விடுங்கள்.

6. பூவின் நேரம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பூ முதலில் பெண்ணாக விரிந்து மூடும். மறுநாள் ஆணாக விரியும். சில மரங்களில் பெண் பூ காலையில் விரியும், சிலவற்றில் பிற்பகலில். இரு வகையும் பக்கத்தில் இருந்து, தேனீயும் வந்தால் காய்ப்பு கூடும். பூக்கும் நாளில் மருந்து அடிக்க வேண்டாம்.

7. பழுக்கட்டும் என்று மரத்தில் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பறித்தபிறகே இது பழுக்கும். ஒரு காயை அறுத்துக் கொட்டைத் தோலைப் பாருங்கள்: வெளிர் நிறமாகச் சதையோடு ஒட்டியிருந்தால் பிஞ்சு, கரும்பழுப்பாகிக் காகிதம்போலக் காய்ந்திருந்தால் முற்றியது. காம்பு சிறிது விட்டு வெட்டுங்கள். உலுக்கி வீழ்த்திய காயில் அடிபட்ட இடம் கறுக்கும்.

8. வெட்டிய கிளையை ஆட்டுக்குப் போடாதீர்கள். இலையில் உள்ள நஞ்சு ஆட்டின் மடியையும் இதயத்தையும் கெடுக்கும். கோழிக்கும் பழமோ தோலோ கொடுக்காதீர்கள்.

நன்றாகக் காய்க்கும் மரம் உங்களுக்கு அமைந்தால், ஒட்டுக்குச்சி கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொல்லாதீர்கள். அவரிடம் மற்றப் பூவகை மரம் இருந்தால், குச்சி மாற்றிக்கொள்வது உங்கள் மரத்துக்கும் நல்லதுதான்.