பைக்கா எங்கே போனது?

பார்ப்பதற்கு எலி போலிருந்தாலும் அமெரிக்கப் பைக்கா முயலுக்குத்தான் உறவு. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில், சரிந்து குவிந்த பாறைகளின் இடுக்குகளில் வாழ்கிறது. எடை 200 கிராம்கூடத் தேறாது. குளிர்காலத்தைத் தூங்கியே கழிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. கோடையில் புல்லையும் செடிகளையும் கொய்து பாறையடியில் போர் போட்டுவைத்து, பனிக்காலம் முழுக்க விழித்திருந்து தின்கிறது.

வெயில் பட்டாலே செத்துவிடும், ஆகவே தாழ்வான இடங்களில் பிழைக்காது என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. 1974இல் வெளியான, ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்மித்தின் ஆய்வில், பாறைக்குள் ஒதுங்க வழியின்றி வெளியே அடைக்கப்பட்ட பைக்காக்கள் 30 டிகிரி செல்சியஸை எட்டாத வெப்பத்திலேயே இறந்தன. ஒதுங்க இடம் கிடைத்தால் நிலைமை வேறு. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்தை ஒட்டிய உயரத்திலேயே பாசியைத் தின்று அவை வாழ்கின்றன. பாறைகளுக்கு அடியில் தங்கும் குளிர்ச்சிதான் அவற்றைக் காக்கிறது.

அப்படியானால் கவலையில்லை என்று முடிவுகட்டுவது இன்னும் பெரிய தவறு. மேற்கு அமெரிக்காவின் கிரேட் பேசின் பகுதியில் முன்பு பைக்கா பதிவான 25 இடங்களில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 2008க்குள் காலியாகிவிட்டன. டாஹோ ஏரிக்கு வடக்கே 165 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்தே மறைந்துவிட்டதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கோடை மட்டும் காரணமல்ல. குளிரைத் தடுக்கும் பனிப்படலம் மெலிந்தால் குளிர்காலமும் கொல்லும்.

கண்ணில் படவில்லை என்பதால் ஓரிடத்தில் பைக்கா இல்லை என்று சொல்லிவிட முடியாது. பகல் வெப்பத்தில் அது உள்ளேயே முடங்கிக் கிடக்கும். அதனால் கணக்கெடுப்பவர்கள் அதன் கூர்மையான கூவலுக்குக் காது கொடுக்கிறார்கள். பாறை இடுக்குகளில் பச்சை மாறாத புற்போரைத் தேடுகிறார்கள். மிளகு போன்ற புழுக்கை புதிதா பழையதா என்று சோதிக்கிறார்கள். இந்தச் சோதனை மிக முக்கியம். பாறைக்குள் கிடக்கும் புழுக்கை பல ஆண்டுகள் அழியாது, எப்போதோ ஒழிந்துபோன கூட்டத்தை இன்னும் இருப்பதாகக் காட்டிவிடும். வெப்பத்தைப் பதியும் சிறு கருவிகளையும் பாறைகளுக்குள் வைக்கிறார்கள். மலையடிவார வானிலை நிலையத்தின் அளவு, இடுக்குக்குள் இருக்கும் வெப்பத்தைச் சொல்லாது.

அமெரிக்க அரசு 2010இல் பைக்காவை அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. ஆபத்தே இல்லை என்பதற்கு அதையே சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த முடிவு இனம் முழுவதையும் பற்றியது. ஒரு மலையில் ஒழிந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு அது பதிலாகாது. கைவிடப்பட்ட சுரங்க ஊரான கலிஃபோர்னியாவின் போடியைப் பாருங்கள். அங்குள்ள கழிவுக் கற்குவியல்களில் 1972 முதல் பலமுறை கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே வெயில். வடக்குப் பாதியில் பைக்காக்கள் நிலைத்திருக்க, தெற்குப் பாதியில் அற்றுப்போயின. ஒரே ஒரு கோடையில் போய் எண்ணியிருந்தால் இந்த மாற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது.