கடன் தீராத வீடு: வாடகைக்கு விடுவதா, விற்பதா?

புக்கிட் மெர்தாஜாமில் வங்கிக் கடனில் வாங்கிய வீட்டை விட்டு, வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போகும் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு: இருக்கும் கடனிலேயே வாடகைக்கு விடுவது, கடனை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டு வாடகைக்கு விடுவது, விற்றுவிடுவது. பூட்டிப் போடுவதில் லாபமில்லை. மாதத் தவணையும், செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கு ஆண்டில் இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரியும் பூட்டிய வீட்டுக்கும் உண்டு.

முதல் வழிதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பிரிட்டனில் வாடகை வீட்டுக்கென்றே தனிக் கடன் இருக்கிறது. மலேசியாவில் அந்த வழக்கம் இல்லை. அதற்காக வங்கியைக் கேட்காமல் விடுவது நல்லதன்று. அடமானத்தில் இருக்கும் வீட்டுக்குப் போட்ட வாடகை ஒப்பந்தம், வங்கி முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருந்தால்தான் வங்கியைக் கட்டுப்படுத்தும் என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 226ஆம் பிரிவு. தவணை தவறி வீடு ஏலத்துக்குப் போனால், சம்மதம் இல்லாத ஒப்பந்தத்தைக் காட்டி வாடகைதாரர் நிற்க முடியாது. மூன்றாண்டைத் தாண்டும் குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தை மூன்றாண்டுக்குள் வைத்து, முத்திரை வரி கட்டி, வங்கியின் பதில் கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பது உத்தமம். தீக்காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மலிவு விலைத் திட்ட வீடென்றால் நில உரிமைப் பத்திரமான கிராண்டிலும் கொள்முதல் ஒப்பந்தத்திலும் உள்ள கட்டுப்பாடுகளை முதலில் படிக்க வேண்டும்.

வருமான வரியில் ஒரு விசித்திரம் உண்டு. கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றை வாடகையிலிருந்து கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது. தவணை 1,600 ரிங்கிட், அதில் வட்டி 1,000, வாடகை 1,300 என்று கொண்டால், கையிலிருந்து மாதம் 300 ரிங்கிட் போகும். மற்றச் செலவுகளைக் கழிக்குமுன், வரிக் கணக்கிலோ 300 ரிங்கிட் வருமானம் நிற்கும்.

யாருக்கு விடுவது? பிறை, பத்து காவான், கூலிம் தொழிற்பேட்டைகளால் இவ்வூரில் வாடகைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தொழிலாளர் தங்குமிடமாக நிறுவனத்துக்கு விட்டால் வாடகை தவறாமல் வரலாம். ஆனால் தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 446ஆம் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழை முதலாளி பெற்றிருக்க வேண்டும், அண்டை வீட்டார் புகாரையும் எதிர்பார்க்க வேண்டும். அடுக்குமாடியில் நாள் வாடகைக்கு விடுவதை நிர்வாகக் கழகம் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஒரு குடும்பத்துக்கு விடுவதே தொல்லை குறைந்தது. இரண்டு மாத வாடகையும் மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகையும் முன்பணமாக வாங்குவது வழக்கம். பாக்கி வைத்தாலும் உரிமையாளர் தாமே பூட்டை மாற்றக் கூடாது. வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும்.

கடனை மாற்றுவதில் வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பழைய வங்கியின் முன்கூட்டித் தீர்க்கும் அபராதம் எல்லாம் சேரும். வட்டி வேறுபாடு பெரிதாக இல்லாவிட்டால் பயனில்லை.

விற்பவர் வீடு வாங்கி எத்தனையாவது ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். சொத்து ஆதாய வரி குடிமக்களுக்கு முதல் மூன்றாண்டுகளில் 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. 2022 முதல் ஆறாம் ஆண்டிலிருந்து வரியே இல்லை. ஐந்தாம் ஆண்டில் இருப்பவர் ஆறாம் ஆண்டு தொடங்கும்வரை வாடகைக்கு விட்டுவிட்டு, பிறகு விற்பதே நல்லது.