ரூபாயா, வெள்ளியா?

சிங்கப்பூர், சிராங்கூன் சாலையில் ஓர் உணவகம். சாப்பிட்டு முடித்து என் சித்தி கார்டை நீட்டினார். கருவியின் சின்னத் திரையில் ஒரு கேள்வி வந்தது: சிங்கப்பூர் டாலரில் கட்டுகிறீர்களா, இந்திய ரூபாயிலா? சித்தி தயங்காமல் ரூபாயைத் தொட்டார். "எவ்வளவு போகுதுன்னு கண்ணுக்குத் தெரியுதேப்பா, அதுதானே நல்லது?" என்றார்.

நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். தொகை கண்ணுக்குத் தெரிவது நிஜம்தான், ஆனால் பணம் கூடுதலாகப் போகிறது. டாலரைத் தேர்ந்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களின் அன்றைய விகிதத்தில் தொகை ரூபாயாக மாறும். அதன்மேல் நம் வங்கி ஒரு கட்டணம் போடும். ரூபாயைத் தொட்டால், கடைக்காரருக்குக் கருவி கொடுத்த தரப்பு வைத்ததுதான் விகிதம். அதில் அவர்களுடைய லாபம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

அங்குள்ள தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்பார்கள். கணக்குக்காக ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 வெள்ளி பில்லுக்கு 13,000 ரூபாய். வங்கிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 455 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 82 ரூபாய். மொத்தம் 13,537. ரூபாயைத் தொட்டு, அந்த விகிதத்தில் 6 சதவீதம் ஏற்றியிருந்தால் 13,780 ஆகிவிடும். 'வெளிநாட்டில் ரூபாயில் கட்டினார்' என்று தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகளும் இருக்கின்றன. ஆகவே எங்கே போனாலும் அந்த ஊர்ப் பணத்தையே தொடுங்கள்.

ஏடிஎம்மில் இதே கேள்வி வேறு உருவில் வரும். நாணய மாற்றத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பலர் ஏற்றுவிடுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். மாற்றும் வேலை நம் பக்கத்தில் நடக்கும், அவ்வளவுதான். ஆனால் கடன் அட்டையைச் செருகிப் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கடைச் செலவுக்கு உள்ள வட்டியில்லா நாட்கள் இதற்குக் கிடையாது.

"இங்கே வேலை செய்யும் கார்டு அங்கேயும் வேலை செய்யும்." நானும் ஒருமுறை இதை நம்பி, நள்ளிரவில் சாங்கி விமான நிலைய ஏடிஎம் முன்னால் கைபிசைந்து நின்றிருக்கிறேன். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நாம்தான் திறக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால், உங்கள் ஊர் வீட்டில் உட்கார்ந்தே அதைச் செய்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் மறக்காமல் மூடுங்கள்.

மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஓடிபி வராமல் என் பணத்தை யாரும் எடுக்க முடியாது" என்பது இந்தியாவுக்குள் நடக்கும் இணைய வாங்கலை வைத்து வந்த தைரியம். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அட்டை எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் இருந்தால் போதும். பில் கட்டுவதற்காகக் கார்டைப் பரிமாறுபவரிடம் கொடுத்தனுப்பும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே அது வேண்டாம், கருவியை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் செய்யாத செலவு தெரியவந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியில், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த நெறி.

"கார்டெல்லாம் தலைவலி, கட்டுக்கட்டாக ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார் சிலர். நேபாளம், பூட்டானுக்குத் தனி விதி. மற்ற நாடுகளுக்கு ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டு எடுத்துப்போகக் கூடாது. வெளிநாட்டு நோட்டு, சில நாடுகள் தவிர, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை. அதற்கு மேல் தேவையென்றால் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். மாற்றும் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்தான் அவர்களுடைய வருமானம். "இவ்வளவு ரூபாய் கொடுத்தால் கையில் எத்தனை வெள்ளி வரும்?" என்று நாலு கடையில் கேட்டாலே நல்ல கடை எது என்று தெரிந்துவிடும்.

திரும்பி வரும்போது மிஞ்சிய வெளிநாட்டு நோட்டு 2,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வீட்டில் இருக்கலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசுக்கு வரம்பில்லை. ஆனால் நம் ஊரில் அதை மாற்றித்தர அநேகமாக ஆள் கிடைக்காது. விமானம் ஏறும் முன் ஒரு காப்பியோ, பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாயோ வாங்கித் தீர்த்துவிடுங்கள்.