அன்றாட ஆங்கிலம்: ஸ்னீக்கரா, ஸ்னீக்கர்ஸா?



இந்த முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட சொல் நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் சொல்லுகிற ஒன்று: ஸ்னீக்கர்ஸ். ரப்பர் அடிப்பாகம் வைத்து, மேலே துணியோ மெல்லிய தோலோ தைத்த ஷூ. விளையாடவும் போடலாம், சும்மா கடைத்தெருவுக்குப் போய்வரவும் போடலாம். பெரியவர்கள் இதைக் கேன்வாஸ் ஷூ, ஸ்போர்ட்ஸ் ஷூ என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். ஆனால் இன்று பள்ளிச் சுற்றறிக்கையில் இந்தச் சொல் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்குப் பிள்ளை அனுப்பும் செய்தியில் வருகிறது. வளைகுடாவில் கடை வேலைக்குப் போகும் தம்பிமார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் வாங்கின ஷூவைத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டும், அல்லது வாடிக்கையாளர் முன்னால் விழிக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. நம்மவர்களிடம் அதிகம் காணும் பிழை இதில்தான். தமிழில் “செருப்பு அறுந்துவிட்டது” என்கிறோம். ஒன்று அறுந்ததா, இரண்டுமா என்று மொழி கேட்பதில்லை. “கண் வலிக்கிறது”, “கால் கடுக்கிறது” என்பதும் அப்படித்தான். ஒருமையில் சொன்னாலே ஜோடி முழுவதும் அடங்கிவிடும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போய் “ஐ பாட் எ ஸ்னீக்கர்” என்கிறோம். கேட்கிற வெள்ளைக்காரருக்கு, ஒரு காலுக்கு மட்டும் ஷூ வாங்கி வந்தவர் போலத் தோன்றும்.

அரபியைப் பாருங்கள். குர்ஆனில் தாஹா அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில், மூஸா (அலை) அவர்களிடம் செருப்புகளைக் கழற்றும்படி அல்லாஹ் கூறுகிறான். அங்கே வருவது இருமைச் சொல். “உமது இரண்டு செருப்புகளை” என்று பொருள். இரண்டைக் குறிக்கவே அரபியில் தனி வடிவம் உண்டு. ஆங்கிலத்தில் இருமை கிடையாது, ஒருமையும் பன்மையும்தான். ஆகவே இரண்டு கால் ஷூவுக்கும் பன்மை: ஸ்னீக்கர்ஸ். ஒற்றைக் காலில் செருப்பணிந்து நடக்க வேண்டாம், இரண்டையும் அணியுங்கள் அல்லது இரண்டையும் கழற்றிவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் வந்திருக்கிறது. அதைத் தெரிந்த பிள்ளைக்கு இந்த இலக்கணம் எளிதில் மனதில் நிற்கும்.

“மை ஸ்னீக்கர்ஸ் ஆர் டோர்ன்” என்றால் என் ஷூ கிழிந்துவிட்டது. ‘இஸ்’ வராது, ‘ஆர்’ வரும். சுட்டிச் சொல்லும்போது ‘திஸ்’ அல்ல, ‘தீஸ்’: “தீஸ் ஸ்னீக்கர்ஸ் ஆர் நியூ”. ‘எ ஸ்னீக்கர்ஸ்’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. ஒரு ஜோடி என்று சொல்ல வேண்டுமானால் ‘எ பேர் ஆஃப் ஸ்னீக்கர்ஸ்’. இங்கே ஒரு நுணுக்கம். ‘பேர்’ என்பது ஒருமை என்பதால் “திஸ் பேர் இஸ் நியூ” என்றுதான் வரும். அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து வாங்கினால் ‘டூ பேர்ஸ் ஆஃப் ஸ்னீக்கர்ஸ்’. வெறுமனே ‘டூ ஸ்னீக்கர்ஸ்’ என்றால் இரண்டு ஷூ, அதாவது ஒரே ஜோடி என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

அப்படியானால் ‘ஸ்னீக்கர்’ என்று ஒருமையில் சொல்லவே கூடாதா? சொல்லலாம். ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறீர்கள், இடது கால் ஷூவை மட்டும் காணவில்லை. (நம் பள்ளிவாசல் வாசலில் இது நடக்காத வாரம் உண்டா?) அப்போது “மை லெஃப்ட் ஸ்னீக்கர் இஸ் மிஸ்ஸிங்” என்பது மிகச் சரி. இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டி வரும்போதும் ஒருமைதான்: ஸ்னீக்கர் ஷாப், ஸ்னீக்கர் பிராண்ட். ஷூ, சாக்ஸ், ஸ்லிப்பர்ஸ், கையுறைக்கான க்ளவுஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஒற்றை சாக்ஸ் ‘எ சாக்’, ஜோடி ‘சாக்ஸ்’. கத்தரிக்கோலுக்கான சிசர்ஸ், கால்சட்டைக்கான ட்ரவுசர்ஸ் மட்டும் வேறு இனம். அவற்றைப் பாதியாகப் பிரிக்க முடியாது, எப்போதும் பன்மையாகவே இருக்கும்.

அடுத்து உச்சரிப்பு. ‘ஸ்னீ’ நெடில். குறிலாக ‘ஸ்னிக்கர்ஸ்’ என்றால் அது ஒரு சாக்லேட்டின் பெயர். ‘ஸ்னிக்கர்’ என்ற வினைச்சொல்லுக்குக் கிண்டலாகச் சிரிப்பது என்றும் பொருள். குறில் நெடில் படித்து வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை, கவனம் மட்டும் வேண்டும். முன்னால் ‘இ’ சேர்த்து ‘இஸ்னீக்கர்’ என்பது தமிழ் பேசும் வீட்டிலும் உண்டு, உருது பேசும் வீட்டிலும் உண்டு, ‘இஸ்கூல்’ மாதிரி. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டே ‘னீ’க்குள் இறங்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் போய்விடும்.

கடைசி எழுத்து இன்னும் சுவாரசியம். எழுத்தில் ‘எஸ்’ இருந்தாலும் ஒலி அதுவல்ல. தமிழில் ஸலாம், ஸகாத் இரண்டையும் ஒரே ‘ஸ’ போட்டு எழுதுகிறோம். மதரஸாவில் ஓதின பிள்ளைக்கு அவை வேறு வேறு எழுத்து என்று தெரியும். ஸ்னீக்கர்ஸின் கடைசியில் வருவது ஸகாத்தின் முதல் ஒலி. ஷூஸ், ஸ்லிப்பர்ஸ், சாண்டல்ஸ் எல்லாம் அதே. க், ப், ட் போன்ற வல்லொலிக்குப் பின்னால் வந்தால் மட்டும் ஸலாமின் ஒலி: சாக்ஸ், கேப்ஸ், பூட்ஸ். உஸ்தாத் மக்ரஜ் சொல்லிக் கொடுத்த நாக்குக்கு இதை இரண்டு தடவை சொன்னால் போதும்.

‘போடு’ என்ற நம் சொல்லும் சிக்கல் பண்ணும். போட்டிருக்கிறான் என்றால் ‘ஹி இஸ் வேரிங் ஸ்னீக்கர்ஸ்’. இப்போதுதான் குனிந்து மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் ‘ஹி இஸ் புட்டிங் ஆன் ஹிஸ் ஸ்னீக்கர்ஸ்’. கழற்றுவது ‘டேக் ஆஃப்’. ‘ஓப்பன் யுவர் ஷூஸ்’ என்று சிலர் சொல்வது உருதிலிருந்து அப்படியே வந்தது. ஆங்கிலத்தில் அந்த வழக்கு கிடையாது.

பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஸ்னீக்’ என்றால் சத்தமில்லாமல் பதுங்கிப் போவது. சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். பிற்பாடு ரப்பர் அடி வைத்த ஷூக்கள் பெருகின. தோல் ஷூ டக் டக் என்று காட்டிக்கொடுக்கும், ரப்பர் காட்டிக்கொடுக்காது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் டென்னிஸ் ஷூவை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று 1887இலேயே பாஸ்டனில் வெளியான கல்வி இதழ் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. வாத்தியார்கள் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

இது அமெரிக்கச் சொல். பிரிட்டனில் ‘ட்ரெயினர்ஸ்’ என்பார்கள். துபாய், தோஹா கடைகளில் இரு நாட்டு ஆட்களும் வருவார்கள். ஒருவர் ட்ரெயினர்ஸ் கேட்டால் உடற்பயிற்சி ஆசிரியரைத் தேடுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்; ஸ்னீக்கர்ஸ் இருக்கும் அலமாரியைக் காட்டுங்கள். ‘ரன்னிங் ஷூஸ்’ என்று குறிப்பாகக் கேட்டால் அது ஓடுவதற்கென்றே செய்தது. எல்லா ஸ்னீக்கர்ஸும் அதற்கு ஆகாது. ‘சேஃப்டி ஷூஸ்’ முற்றிலும் வேறு. பெரும்பாலும் முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்தது. வேலை உத்தரவில் அந்தச் சொல் இருந்தால் புது ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டு தளத்துக்குப் போகாதீர்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போய்விடும்.

பள்ளிச் சுற்றறிக்கையில் ‘ப்ளாக் ஃபார்மல் ஷூஸ், நோ ஸ்னீக்கர்ஸ்’ என்றிருந்தால் கறுப்பு நிற ஸ்னீக்கர்ஸும் கூடாது என்று அர்த்தம். நிறம் ஒன்றாக இருப்பது போதாது.

வாப்பாவிடம் சொல்லி வாங்கச் சொல்வதானால் ‘சைஸ் எயிட்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. அந்த 8, அமெரிக்க ஆண்கள் அளவில் ஏறக்குறைய 9, ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 42. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குழப்பம்: பிரிட்டிஷ் முறையில் குழந்தை அளவு 13 வரை போய், மறுபடி 1இலிருந்து தொடங்கும். 2 என்றால் தவழும் குழந்தையாகவும் இருக்கலாம், ஒன்பது பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, குதிகாலிலிருந்து விரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து அனுப்புங்கள். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வருகிறவர் கொண்டுவரும் ஷூ பிள்ளையின் காலில் ஏற வேண்டும் அல்லவா?

பிள்ளைகளை உட்காரவைத்து இந்த நான்கையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். என் ஸ்னீக்கர்ஸ் எங்கே? இந்த ஜோடி சின்னதாக இருக்கிறது. அவள் வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்டிருக்கிறாள். வலது கால் ஷூ நனைந்துவிட்டது.

விடைகள்: வேர் ஆர் மை ஸ்னீக்கர்ஸ்? திஸ் பேர் இஸ் டூ ஸ்மால். ஷி இஸ் வேரிங் வைட் ஸ்னீக்கர்ஸ். தி ரைட் ஸ்னீக்கர் இஸ் வெட்.