குளத்துக் குஞ்சுகளும் அவற்றின் பகைவர்களும்

வாத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி குளக்கரைக்குப் போகும் காட்சியை நம் ஊர்ப் பக்கத்தில் பலரும் கண்டிருப்பீர்கள். நாட்டு வாத்து முட்டையிடுவதோடு சரி, அடைகாப்பதில் அதற்கு அக்கறை குறைவு. ஆகையால் அதன் முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைப்பது வழக்கம். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். அந்த ஒரு வாரத்தையும் பொறுத்துக்கொள்ளும் கோழி, தன் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கி நீந்துவதைப் பார்த்துக் கரையில் அங்குமிங்கும் ஓடிக் கூப்பாடு போடும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது வீண் அச்சமல்ல என்பதைச் சென்ற மழைக்காலத்தில் நாங்கள் அறிந்துகொண்டோம்.

ஒடுகத்தூருக்கு அடுத்த சிற்றூரில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு இருக்கிறது. ஜவ்வாது மலையில் மழை பெய்து உத்திர காவிரியில் தண்ணீர் வந்த சமயம் அது. வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏரியும் நிரம்பியிருந்தது. அவர்கள் வீட்டுக் கோழி 11 வாத்துக் குஞ்சுகளைப் பொரித்தது. இரண்டு வாரத்தில் அவை ஆறாகக் குறைந்தன. கரையோரத்தில் ஒரு சாரைப் பாம்பு அடிக்கடி தென்பட்டதால், அதுதான் குற்றவாளி என்று முடிவு செய்து தோழியின் தாத்தா அதை அடித்துவிட்டார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாரைக்கும் காவலாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அடிபட்ட பாம்பின் வயிற்றில் இருந்தது ஓர் எலி. மறுநாளும் ஒரு குஞ்சு குறைந்தது.

அதன் பிறகுதான் அறிவியல் சிஸ்டர் எங்களில் ஐந்து பேரை அழைத்து, "பழி போடுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்" என்றார். நான்கு சனிக்கிழமைகள் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்தோம்.

முதலில் எங்கள் கண்ணில் பட்டவை வானத்துப் பகைவர்கள். பருந்து பகலில் வட்டமிட்டு வந்து, வெட்டவெளியில் நிற்கும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கீழே ஓர் அடையாளமும் இராது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்து கோரைப்புல்லின் தலையை உரசுவது போலத் தாழப் பறந்து தேடும். அது வரும்போது நாமக்கோழிகள் ஒன்றாக நெருங்கிக் கூட்டமாகத் தண்ணீரை அடித்துக் கலக்குவதைப் பார்க்க வேண்டும்! மீனே கதி என்று நாம் நினைத்திருக்கும் சாம்பல் நாரையும், இரவில் இரை தேடும் வக்காவும் கிட்டினால் குஞ்சையும் விழுங்கும். காகமோ முட்டைத் திருடன். அதற்கு விருந்து வைத்து அழைப்பவர்கள் நாம்தாம். ஏரிக்கரையில் கோழிக் கழிவையும் எச்சில் இலையையும் கொட்டும் இடத்தில்தான் காகமும் தெருநாயும் கூடுகின்றன.

தரை வழியாக வருபவை கீரி, காட்டுப்பூனை, உடும்பு, நாய். இவற்றின் கைவரிசையை அடையாளத்தால் ஓரளவு பிரித்தறியலாம். கீரி கழுத்திலும் தலையிலும் கடித்து இழுத்துப் போகும். முட்டையானால் ஓட்டை உடைத்துக் குடிக்கும். பாம்பு முட்டையை முழுதாக விழுங்குவதால் கூட்டில் ஓட்டுத் துண்டு மிஞ்சாது. பல குஞ்சுகள் கடிபட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் அது நாயின் வேலை. (நம் வட மாவட்டங்களில் மேய்க்கப்படும் நாட்டு வாத்துகளில் ஒரு வகைக்குக் கீரி என்றே பெயர். அதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.)

ஆனால் தோழி வீட்டுக் குஞ்சுகள் எந்த அடையாளமும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் அல்லவா மறைந்தன? அறுவடையான வயலில் வாத்து மேய்க்க வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். "பாம்பு எடுத்தா குஞ்சு கத்தும், கோழி ஊரைக் கூட்டும். சத்தமே இல்லாமப் போச்சுன்னா தண்ணிக்குள்ளாற இருந்து இழுக்குது பாப்பா" என்றார் அவர்.

மூன்றாம் சனிக்கிழமை அதை நாங்களே கண்டோம். நடுத் தண்ணீரில் வரிசையாகப் போன குஞ்சுகளில் கடைசியானது திடீரென்று இல்லை. ஒரு வளையம் விரிந்து அடங்கியது, அவ்வளவே. வலை வீசிப் பார்த்தபோது அகப்பட்டது முழங்கையை மிஞ்சிய ஆப்பிரிக்கக் கெளுத்தி. பெரிய விராலும் வாளையும் நம் நீர்நிலைகளில் தொன்றுதொட்டு உள்ளவை. அவையும் சமயம் வாய்த்தால் குஞ்சைப் பிடிக்கும். இதுவோ வேற்றுநாட்டு மீன். விரைவாக வளரும், கிடைத்ததையெல்லாம் தின்னும், காற்றைச் சுவாசித்து ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்கும் போகும். இதை வளர்ப்பதற்கு 2000-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டது. இராஜஸ்தானத்தில், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பரத்பூர் பறவைகள் காப்பகத்திலும் இது புகுந்துவிட்டதால், பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. நம் ஏரிக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டதற்கு ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை.

இத்தனை பகைவர்களுக்கிடையே காட்டுப் பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன? அதே ஏரியின் மறுகோடியில், கோரையும் சம்பும் அடர்ந்த மூலையில், ஒரு முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டியிருந்தது. கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அது பாசியை இழுத்து முட்டைகளின் மேல் மூடிவிட்டே போகும். வெள்ளை முட்டை நாளடைவில் பாசிக் கறை ஏறிப் பழுப்பாகிவிடும். பொரித்த குஞ்சுகள் தாய் தந்தையின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். இலைக்கோழியில் தந்தையே அடைகாக்கும். ஆபத்து என்று கண்டால் முட்டையை வேறு இலைக்கு நகர்த்தும். புள்ளிமூக்கு வாத்தின் தாய், சிறகு முறிந்தது போல நடித்துப் பகைவனைத் தன் பின்னால் இழுத்துச் செல்லும். அதன் குஞ்சுகள் எல்லாம் பிழைத்தால் ஏரி தாங்காது. ஒரு சோடி தன் ஆயுளில் இரண்டை ஆளாக்கிவிட்டாலே இனம் குறையாது. மற்றவை பருந்துக்கும் கீரிக்கும் அவற்றின் பிள்ளைகளுக்கும் உணவு.

ஆனால் இந்தத் தந்திரங்கள் பலிக்க ஒளிவதற்குப் புதர் வேண்டும். தூர்வாரும்போது கரையோரக் கோரையை ஒரு முழம்கூட விடாமல் வழித்தெடுத்தால், ஏரி பார்க்கத் துப்புரவாக இருக்கும். குஞ்சுக்குப் போக்கிடம் இராது. தண்ணீருக்கு நடுவே மண் திட்டு விட்டுக் கருவேல மரம் வளர்த்த ஏரிகளில் நாயும் கீரியும் எளிதில் கூட்டை நெருங்க முடியாது. தண்ணீர்தான் அங்கே அகழி. அது முன்கூட்டியே வற்றினால் கோட்டைக் கதவு திறந்தது போலத்தான். வேடந்தாங்கலில் தண்ணீரில் நிற்கும் மரங்களைப் பறவைகள் நாடுவதற்கும் இதுவே காரணம்.

வாத்து மேய்க்கும் பெரியவர் சொற்படி, எஞ்சிய நான்கு குஞ்சுகளையும் இறகு முளைக்கும் வரை ஏரிக்கு விடாமல் தோழி வீட்டார் வளர்த்தார்கள். தாய் வாத்தின் உடலோடு ஒட்டி வளரும் குஞ்சுக்கு அதன் இறகு எண்ணெய் கிடைக்கும். கோழி வளர்த்த குஞ்சுக்கு அது கிடையாது. ஆகவே சீக்கிரம் நனைந்து விறைத்துவிடும் என்று அவர் விளக்கினார். இரவில் அடிப்புறம் கல் பதித்த கூண்டில் அடைத்தார்கள். நான்கும் இப்போது முட்டையிடும் பருவத்தில் இருக்கின்றன.

கடைசிச் சனிக்கிழமை முக்குளிப்பானின் குஞ்சுகளை எண்ணினோம். முதல் எண்ணிக்கையில் நான்கு, அன்று இரண்டு. அவையும் எங்களைக் கண்டதும் கோரைக்குள் நுழைந்துவிட்டன.