அடுத்தவள் பிரிக்கும்படி ஒட்டு

கண்ணு, நாளை முதல் நீயும் தூரிகையும் பசைக்கிண்ணமுமாக உட்காரப்போகிறாய். நாற்பது வருஷம் பழைய தாளோடும் தோலேட்டோடும் இருந்தவள் சொல்கிறேன். இதில் பாதிக்குமேல் நான் கெடுத்துக் கற்றது.

1. முதல் நாள் எதையும் தொடாதே, பார். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சுருக்கம், சுரண்டல், பழைய ஒட்டு எல்லாம் தானே எழுந்து நிற்கும். பதறாத காரியம் சிதறாது.

2. எதையும் ஒரு சொட்டில் சோதித்துப் பார். ஒரு லித்தோ படத்தைக் கழுவத் தண்ணீர்த் தட்டில் இறக்கினேன். அச்சு மையைச் சோதித்திருந்தேன். மூலையிலிருந்த சிவப்பு ரப்பர் ஸ்டாம்பைச் சோதிக்கவில்லை. அது கரைந்து படத்தின் வானம் முழுக்க ஓடியது.

3. தோலைத் தாளாக நினைக்காதே. அது ஒரு கன்றின், ஆட்டின் உடம்பு. சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் சுருங்கிவிடும். நான் இஸ்திரிப்பெட்டி வைத்த கம்பெனி காலத்துப் பத்திரம் பொரித்த அப்பளமாய்ச் சுருண்டது. மெல்ல ஈரக்காற்று காட்டு, ஓரங்களை இதமாகக் கவ்விப் பிடி, தானாக நிமிரட்டும்.

4. பூச்சிக்குப் பயந்து, பைண்டர்கள் வழக்கப்படி பசையில் மயில்துத்தம் கலந்தேன். அதிலுள்ள செம்பு தாளையே நொறுக்கும் என்று அப்போது தெரியாது. கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசையும் கோசோ நாரால் செய்த ஜப்பானியத் தாளும் போதும். கொஞ்சம் ஈரம் காட்டினால் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். நாளை வருகிறவளுக்கு வழி விட்டு ஒட்டு.

5. பெரியவர்களும் தவறுவார்கள். தாளை நொறுக்குவது அமிலம் என்று உரக்கச் சொன்னவர் அமெரிக்காவின் வில்லியம் பாரோ. 1930களில் அவர் பரப்பிய முறை, சூட்டில் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தை ஏற்றுவது. அந்தப் படலத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் பாடுபட்டுப் பிரிக்கிறார்கள். என் சொல்லையும் அதே சந்தேகத்தோடு கேள்.

6. சும்மா இருக்கவும் பழகு. அன்னபேதி சேர்ந்த கடுக்காய் மசி, எழுத்து இருந்த இடத்தையே அரித்துத் துளையாக்கும். அவசரப்பட்டு ஈரமாக்கினால் மசியின் இரும்பு பரவி, அரிப்பும் பரவும். அப்படிப்பட்ட தாளை அமிலமில்லா உறையிலிட்டு, காட்சிக்கு வைத்தாலும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாமல் காப்பதும் வேலைதான்.

7. கெடுத்தால் எழுதி வை. அந்தச் சிவப்புக் கறையை நான் பதிவேட்டில் எழுதவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு புதுப்பெண் அதே படத்தை எடுத்துவந்து, “அக்கா, இது எப்படி வந்தது?” என்று என்னிடமே கேட்டாள். சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினாள். எழுதினேன். அந்தப் பதிவேட்டை உன் மேசையில் வைத்திருக்கிறேன். முதலில் அந்தப் பக்கத்தைப் படி.